"என்ன ஜாதி?" என்று கேட்கிறார்கள்! - பிராணிகள் காப்பகத்து வாசலில் தினம் நடக்கும் கூத்து

சென்னையில் நாய் வாங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பணம் கொடுத்து வாங்குவது. இன்னொன்று, பணம் கொடுக்காமல் வாங்குவது.

முதல் வழியில் கூட்டம் அலைமோதுகிறது. ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் கொடுக்கிறார்கள். குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு கார் ஏறுகிறார்கள்.

இரண்டாவது வழியில், பிராணிகள் காப்பகத்துக் கம்பிக் கதவுக்குப் பின்னால், வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது ஒரு பட்டாளம். "எனக்கு ஒரு வீடு கிடைக்குமா?" என்று அது கேட்பது போலவே இருக்கும். வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டால் போதும். அத்தனையும் எழுந்து நிற்கும்.

காசு வேண்டாம். ஊசி போட்டாயிற்று. பல நாய்களுக்கு ஆபரேஷனும் முடிந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எடுத்துப்போக ஆள் வரவேண்டுமே!

முதல் கேள்வி

வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி எது தெரியுமா?

"என்ன ஜாதி தம்பி இது?"

"நாட்டு நாய் சார்."

"அதான் தெரியுதே. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஏதாவது கலப்பு இருக்கா?"

"இருக்கலாம் சார். அதுங்க அம்மா வந்து சொன்னாத்தான் தெரியும்!"

காப்பகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பாடமாகிப் போன பேச்சு. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இந்தப் பதிலைச் சொல்ல வேண்டியிருக்கும். வந்தவர் சிரிப்பார். பிறகு இரண்டாவது கேள்வி வரும்.

"லேப்ரடார் இருக்கா?"

இருக்கும். சில நேரம் அதுவும் இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்டு இருக்கும். பக் இருக்கும். பனி பெய்கிற ஊரில் வண்டி இழுக்கிற ஹஸ்கி கூட சென்னை வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். எல்லாம் யாரோ பெரிய தொகை கொடுத்து வாங்கியவைதான். யாரோ கொண்டுவந்து விட்டவைதான்.

பக் நாயின் கதை வேடிக்கையானது. 2003-ம் ஆண்டில் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் சின்னப் பையன் போகிற இடமெல்லாம் ஒரு பக் குட்டி பின்னாலேயே போயிற்று. அவ்வளவுதான்! ஊரெல்லாம் பக் மோகம். தட்டை மூக்குக்காரனுக்கு மூச்சு வாங்கும், சித்திரை வெயில் ஆகாது என்பதெல்லாம் விளம்பரத்தில் வரவில்லை. வீட்டில் குர் குர் என்று இழுக்க ஆரம்பித்த பிறகுதான் எஜமானர்களுக்கு விஷயம் புரிந்தது.

நாட்டு நாய்க்கு இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. இந்த வெயிலில் பிறந்தது. இந்த மழையில் நனைந்தது. குட்டை முடி. தயிர் சாதம் போட்டாலும் சாப்பிடும், மீன் தலை போட்டாலும் சாப்பிடும். ராத்திரி தெருவில் புது ஆள் கால் வைத்தால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். இருந்தும் அதற்குப் பேர் "தெரு நாய்"! பைரவர் சன்னதியில் பயபக்தியாக நின்று வடைமாலை சாத்துகிற அதே கை, வெளியே வந்ததும் பைரவர் வாகனத்தின் மேல் எறியக் கல்லைத் தேடுகிறது. இதை என்னவென்று சொல்வது!

பெட்டையா? ஐயோ, வேண்டாம்!

ஜாதிக்கு அடுத்தது ஆணா பெண்ணா என்கிற கேள்வி. பெட்டைக் குட்டி என்றால் பாதிப்பேர் கையை விட்டுவிடுவார்கள்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெட்டை நாய் வருஷத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். தெரு ஆண் நாய்கள் எல்லாம் வாசலில் வந்து நிற்கும். இரண்டு மாதத்தில் வீட்டுக்குள் நாலைந்து குட்டி. அந்தக் குட்டிகளை என்ன செய்வது? கோணிப்பையில் போட்டு இரவோடு இரவாகக் காப்பகத்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. குப்பைத்தொட்டி பக்கம் விடுகிறவர்களும் உண்டு.

ஆனால் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் இந்த வம்பே இல்லை. பருவம் இல்லை, வாசலில் கூட்டம் இல்லை, குட்டி இல்லை. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற வியாதியும் வராது. ஆபரேஷன் முடிந்த பெட்டை நாய் வீட்டோடு ஒட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும் என்று வளர்த்தவர்கள் சொல்வார்கள்.

தெருவில் சில நாய்களுக்குக் காது நுனியில் ஒரு துண்டு வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். சண்டையில் கடிபட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சண்டை அல்ல, சர்டிபிகேட்! கருத்தடை முடிந்தது, வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்று என்பதற்கான அடையாளம்.

விமானி தம்பதியின் வேலை

இன்றைக்கு நாய் பிடிக்கும் வண்டி வந்தால், ஆபரேஷன் செய்து அதே தெருவில் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. வண்டியில் ஏறிய நாய் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அழுததும், பிள்ளைகளின் நாயை வீட்டுக்குள் ஒளித்து வைத்ததும் பழைய சென்னைவாசிகளுக்கு நினைவிருக்கும்.

இந்தக் கொல்லும் வழக்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும். இரண்டு பேரும் விமானிகள். ஆகாயத்தில் பறந்தவர்கள் தரையில் கிடந்த குட்டிகளைக் கவனித்தார்கள்! 1959-ல் அவர்கள் வீட்டில் தொடங்கியதுதான் புளூ கிராஸ் இயக்கம். 1964-ல் முறைப்படி பதிவானது. "கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள்" என்பதுதான் அவர்கள் பேச்சு. அப்போது அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அதிகம்.

மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. 2001-ல் அதுவே நாடு முழுவதற்கும் விதியாகிவிட்டது. 2023-ல் அந்த விதியைப் புதுப்பித்தார்கள்.

வேளச்சேரி ரோட்டில் புளூ கிராஸ், வேப்பேரியில் மெட்ராஸ் எஸ்.பி.சி.ஏ. என்று பழைய இடங்கள் உண்டு. இப்போது புறநகரிலும் சின்னதும் பெரியதுமாகக் காப்பகங்கள் வந்துவிட்டன. எங்கே போனாலும் ஒரே பல்லவிதான்: உள்ளே வருகிற நாய் அதிகம், வெளியே போகிற நாய் குறைவு.

திரும்பி வந்த நாய்

காப்பகத்தில் மனதைப் பிசைகிற காட்சி, அடிபட்டு வருகிற நாய் அல்ல. ஒரு தடவை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற நாய்தான்!

முதலில் பெரிய ஆரவாரம். குடும்பமே வரும். குட்டியை மடியில் வைத்துப் போட்டோ எடுப்பார்கள். பேர் கூட அங்கேயே வைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆட்டோ வாசலில் நிற்கும். இறங்கும்போதே முகம் ஒருமாதிரி இருக்கும்.

"வீட்டுக்காரர் கத்தறார் தம்பி..."

"பாப்பாவுக்கு இருமல். டாக்டர் வேண்டாம்னுட்டார்."

"எங்களுக்கு டிரான்ஸ்பர் ஆயிடிச்சு."

"சோபாவைக் கடிச்சுக் குதறிடிச்சு சார்! பதினஞ்சாயிரம் ரூபா சோபா!"

இதில் சிலது உண்மைக் காரணம். பலது முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டிய காரணம். டிரான்ஸ்பர் வருகிற உத்தியோகம் என்பது நாய் எடுக்கும்போதே தெரியாதா? ஆறு மாதக் குட்டிக்குப் பல் ஊறும், எதையாவது கடிக்கும் என்பது தெரியாதா?

நாயைக் கொண்டுவந்து விட்டவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார். நாய் அவர் பின்னாலேயே ஓடும். கதவை மூடுவார்கள். அது கதவுக்குப் பக்கத்திலேயே உட்காரும். சாப்பாடு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு வந்துவிடும். ஆட்டோ சத்தம் கேட்டால் காதைத் தூக்கும். இரண்டு நாள், மூன்று நாள், சில நாய் ஒரு வாரம். அப்புறம் பசி ஜெயிக்கும். அதற்குப் பிறகு வேறு யாராவது வந்து கூப்பிட்டால் உடனே போகாது. சந்தேகமாகப் பார்க்கும்.

கையெழுத்துப் போட்டு விடுகிறவராவது பரவாயில்லை. இருட்டிய பிறகு காம்பவுண்டு சுவருக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு ஓடுகிற பேர்வழிகளும் இருக்கிறார்கள். வாசல் கம்பத்தில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது "நாயால் பரவும்" என்று ஒரு புரளி கிளம்பியது. விசாரிக்கக் கூட இல்லை, வளர்த்த நாயைத் தெருவில் விட்டார்கள். தீபாவளிக்குத் தீபாவளி வேறு கதை. வெடிச் சத்தத்தில் மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய நாய், திரும்ப வழி தெரியாமல் எங்கெங்கோ அலைகிறது.

அபராதம் ஐம்பது ரூபாய்!

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது குற்றம். 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் சொல்கிறது. இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவரே நம் சென்னைக்காரர்தான். கலாசேத்திரா ருக்மணிதேவி அருண்டேல், ராஜ்யசபாவில் எழுந்து பேசியதால் வந்த சட்டம் அது.

ஆனால் தண்டனை? முதல் தடவைக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல் அபராதம்!

1960-ல் 50 ரூபாய் என்றால் ஒரு சிப்பந்தியின் மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி. இன்றைக்கு அந்தக் காசுக்கு இரண்டு டீ, இரண்டு வடை வாங்கினால் சரியாகிவிடும். அபராதத்தை உயர்த்த 2022-ல் ஒரு வரைவு வெளியிட்டார்கள். வரைவு வரைவாகவே நின்றது.

நாள் முழுக்க நாயைச் சங்கிலியில் கட்டிப்போட்டு, நடக்கவே விடாமல் வைத்திருப்பதும் இதே சட்டப்படி குற்றம்தான். கடைக்குக் காவல் என்று நாயை வாங்கி ஷட்டர் பக்கத்தில் இரண்டடிச் சங்கிலியில் கட்டி வைக்கிற வியாபாரிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிக் கட்டி வைத்த நாய் காவல் காக்காது. போகிற வருகிற வாடிக்கையாளர் மேல் பாயும்!

கடித்தால் என்ன செய்வது?

நாய் என்றால் பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி இரண்டாவது ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிறவரை நாலு நாய் துரத்தினால் அவருக்குத்தான் கஷ்டம் தெரியும். வெறிநோய் வந்துவிட்டால் மனிதனைக் காப்பாற்ற மருந்து இல்லை என்பதும் உண்மை. அதனால்தான் ஊசி முக்கியம்.

கடிபட்ட இடத்தில் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. கூடாது! குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும். நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பாட்டி பயமுறுத்திய காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், பிறகு 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள் என்று போய் வர வேண்டும். கடி ஆழமாக இருந்தால் புண்ணைச் சுற்றி வேறு மருந்தும் செலுத்துவார்கள். "வீட்டு நாய்தானே, பரவாயில்லை" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

தெரு நாய் விவகாரம் 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது எல்லாரும் அறிந்ததே. ஆகஸ்டு 22-ந்தேதி வந்த உத்தரவில் ஒரு வரி பலர் கண்ணில் படவில்லை. தெரு நாயைத் தத்து எடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்புக்கு மனு கொடுக்கலாம். ஆனால் தத்து எடுத்த நாய் மறுபடியும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு! கோர்ட்டே சொல்லிவிட்டது.

துருவித் துருவிக் கேள்வி

"நாய் கொடுக்கிறதுக்கு இவ்வளவு கேள்வியா? பொண்ணு கேட்டாக் கூட இவ்வளவு கேக்க மாட்டாங்களே!" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

கேட்கத்தான் செய்வார்கள். சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதமா? வீட்டில் எத்தனை பேர்? எல்லாருக்கும் சம்மதமா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? அடையாள அட்டை, விலாச அத்தாட்சி கொண்டுவந்தீர்களா? சில இடங்களில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். குட்டியாக இருந்தால், வயது வந்ததும் ஆபரேஷன் செய்வேன் என்று எழுதி வாங்குவார்கள்.

இதில் பகலில் யார் இருப்பார்கள் என்கிற கேள்விதான் குமாஸ்தா குடும்பங்களை மடக்கும். கணவன் எட்டு மணி மின்சார ரெயிலில் போய்விடுகிறார். மனைவி ஒன்பது மணி பஸ். பிள்ளைகள் பள்ளிக்கூடம். இரண்டு மாதக் குட்டியைப் பூட்டிய வீட்டில் பத்து மணி நேரம் விட்டால் அது அழும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

இப்படிப்பட்டவர்கள் குட்டிக்கு அலையக் கூடாது. வயது வந்த நாயை எடுக்க வேண்டும். மூன்று, நாலு வயது ஆன நாய் பகலெல்லாம் தூங்கும். எங்கே அசிங்கம் பண்ணக் கூடாது என்பதைக் காலை மாலை வெளியே அழைத்துப்போனால் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பல் கடிக்கும் வயதும் தாண்டிவிட்டது. எவ்வளவு பெரிசாக வளரும் என்ற கவலையும் இல்லை. வளர்ந்தே நிற்கிறதே! ஆனால் வருகிறவர்கள் கண் குட்டி மேல்தான். கிழட்டு நாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் "நாய் வளர்க்கத் தடை" என்று சங்கம் போர்டு வைத்தால் பயப்பட வேண்டாம். அப்படித் தடை போட முடியாது, லிப்டில் வரக்கூடாது என்றும் சொல்ல முடியாது என்று 2015-லேயே பிராணிகள் நல வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் நாய் அசிங்கம் பண்ணினால் எஜமானர்தான் அள்ள வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டால் நாய் வளர்க்க லாயக்கில்லை. மாநகராட்சி உரிமமும் வாங்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட சீட்டு இல்லாமல் உரிமம் கிடைக்காது.

முதல் வாரம்

காப்பகத்திலிருந்து வந்த நாய் முதல் நாளே கையை நக்கிக் கொஞ்சும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நேரே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சாப்பிடாது. மிக்சி போட்டால் நடுங்கும். விட்டுவிட வேண்டும். தண்ணீர் வைத்துவிட்டு, பிள்ளைகள் இழுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டொரு நாளில் மூக்கு வெளியே வரும். பிறகு தலை வரும். யார் தட்டு வைக்கிறார்கள் என்று கவனிக்கும். அந்த ஆளுக்குப் பின்னால் சமையல்கட்டு வரை நடக்கும்.

வந்த புதிதில் வாசல் கதவு ஜாக்கிரதை. புது இடம் பழகாத நாய் திறந்த கதவைக் கண்டால் ஓடிவிடும். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதிக் கட்டிவிடுவது நல்லது.

சாப்பாட்டுக்குத் தனிச் செலவு பெரிதாக ஆகாது. சாதம், வேகவைத்த கோழி அல்லது முட்டை, கொஞ்சம் காய். உப்பு, காரம் வேண்டாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பும் கூடாது. ஊசி மாதிரி உடைந்து குடலில் குத்தும். செலவு வருவது வியாதி வந்தால்தான். குட்டிகளுக்கு பார்வோ என்று ஒரு கொள்ளைநோய் உண்டு. வாந்தி, ரத்தபேதி. இன்று விளையாடிய குட்டி நாளை மறுநாள் இருக்காது. தடுப்பூசி ஒன்றுதான் வழி. தவணை தவறாமல் போட வேண்டும். தனியார் டாக்டருக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லாதவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி. காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நாய், பூனை, ஆடு, கிளி எல்லாம் ஒற்றுமையாக உட்கார்ந்திருக்கும்!

ஒரு விஷயம். நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். இன்று ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பையன் "அப்பா, நாய் வேணும்" என்று அடம் பிடித்தால், அந்த நாய் கண் தெரியாமல், பல் விழுந்து மூலையில் படுத்திருக்கும்போது பையன் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பான். அப்போது மருந்து கலந்து ஊட்டப்போவது அப்பாவும் அம்மாவும்தான். இதைத்தான் காப்பகத்து ஊழியர்கள் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்.

"பையனுக்குப் பிடிக்குது, சரி. உங்களுக்குப் பிடிக்குதா மேடம்?"

சிலர் "யோசிச்சுட்டு வர்றோம்" என்று எழுந்துவிடுவார்கள். ஊழியர்கள் அதற்காக வருத்தப்படுவதில்லை. ஆறு மாதம் கழித்து ஆட்டோவில் திரும்பி வருவதைவிட அது எவ்வளவோ மேல் என்பார்கள். சிலர் யோசித்துவிட்டு மறு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே வருவார்கள். கையில் புதுக் கழுத்துப் பட்டை, பழைய போர்வை, வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிய கடிதம்.

அவர்களுக்கு ஒரே கஷ்டம், போகிற வழிதான். வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர் நாயைப் பார்த்ததும் தலையை ஆட்டுவார்.

"நாயா? சீட்டைக் கிழிச்சிடும் சார். மேல முப்பது ரூபா போட்டுக் குடு."